மழை விட்ட மறுநாள் செம்மண் பாதையில் சைக்கிள் ஓட்டலாமா?

கேள்வி இது: "முத்தியால்பேட்டையில் நாங்கள் ஐந்தாறு பேர் மவுண்டன் பைக் வாங்கியிருக்கிறோம். ஐப்பசி மழை தொடங்கியதும் ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதைகளில் சேற்றில் ஓட்டுவதுதான் எங்களுக்குப் பிடித்தது. போன ஞாயிறு அங்கே காவலுக்கு இருந்த பெரியவர் ஒருவர், 'மழ வுட்டு ரெண்டு நாளாவது போவட்டும் தம்பி, இப்ப வராதீங்க' என்று திருப்பி அனுப்பிவிட்டார். சைக்கிள்தானே, என்ன பெரிய சேதம் ஆகிவிடும்? வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாரும் சேற்றில்தானே ஓட்டுகிறார்கள்? அப்படியானால் மழைக்காலம் முழுக்க வண்டியைத் தொடவே கூடாதா?"

பெரியவர் சொன்னது சரி. அந்த இரண்டு நாள் கணக்கும் இந்த மண்ணோடு பழகியவர்கள் சொல்கிற கணக்குத்தான். ஆனால் மழைக்காலம் முழுக்க வண்டியை மூலையில் சாத்தி வைக்க வேண்டியதில்லை. நம் பக்கத்துச் செம்மண் மேடு தண்ணீரைச் சீக்கிரம் வடியவிடும். இரண்டு மழைக்கு நடுவே வெயில் அடிக்கிற நாட்களில், மண் லேசான ஈரத்தோடு இருக்கும்போது கிடைக்கும் பிடிமானம் சித்திரை வைகாசியில் கிடைக்காது. எந்த மண் எப்போது தாங்கும் என்பது தெரிந்தால் போதும். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நீங்கள் ஓட்டுகிற இடம். புதுச்சேரிக்கு வடக்கே, திண்டிவனம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவில் இருக்கும் அந்த மேடு கடல் மட்டத்திலிருந்து 50 மீட்டர் சொச்சம்தான் உயரம். மலை என்று சொல்ல முடியாது. ஆனால் கடல் ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிறது. மேட்டில் விழுகிற தண்ணீருக்கு இறங்குவதற்கு வழி குறுகியது, வேகம் அதிகம். அடியில் இருப்பது கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் பெயர் வைத்திருக்கும் பாறை. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றனவே, சுமார் 2 கோடி ஆண்டுப் பழையவை, அவை கிடைப்பதும் இந்தப் பாறையில்தான். பெயரில்தான் கல். பல இடங்களில் விரல் நகத்தால் சுரண்டினாலே உதிரும். அதன் மேல் செம்மண்.

இந்த மண்ணுக்கு வருகிற மழையும் சாதாரண மழை இல்லை. ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் பெய்கிறது என்றால் அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதிலும் பெரும் பங்கு சில நாட்களிலேயே வந்துவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட மழையில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க நேரமே கிடைப்பதில்லை. மேலோடு ஓடும். ஓடுகிற தண்ணீர் தாழ்வான கோடு எங்கே இருக்கிறது என்று தேடும். அந்தக் கோடு சைக்கிள் டயர் போட்டதா, மாட்டு வண்டி போட்டதா என்று அதற்குக் கவலையில்லை.

இங்கேதான் உங்கள் "சைக்கிள்தானே" என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. 1994-இல் அமெரிக்காவின் மொன்டானா மாநில மலைப்பாதைகளில் வில்சன், செனி என்ற இருவர் நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், சைக்கிள் என்று நான்கையும் ஓடவிட்டுச் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. குதிரைக் குளம்பும் மனிதக் காலும்தான் சக்கரங்களைவிட அதிகமாக மண்ணைப் பெயர்த்தன, முன்கூட்டியே நனைத்த பாதையில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது என்பது அதன் முடிவு. சைக்கிள்காரர்கள் இதைப் பெருமையோடு எடுத்துக் காட்டுவது வழக்கம். ஆய்வு சரியானதுதான். ஆனால் கால் வைக்கிற இடத்தில் ஒரு குழி, அடுத்த அடியில் இன்னொரு குழி, நடுவில் மண் அப்படியே இருக்கும். சக்கரம் அப்படி விட்டுவிட்டுப் பதிவதில்லை. இறக்கத்தின் மேலிருந்து கீழ் வரை அறுபடாத ஒரே கோடு போடும். ஐந்தாறு பேர் ஒருவர் பின் ஒருவராகப் போனால் அந்தக் கோடு இரண்டு விரல் ஆழத்துக்குப் போய்விடும். அன்று இரவு பெய்கிற மழை, பாதையின் அகலம் முழுக்கப் பரவி மெதுவாக ஓட வேண்டியது, அந்தக் கோட்டில் சேர்ந்து வேகம் பிடிக்கும். அடுத்த மழைக்கு அது ஒரு சாண். தை மாதம் போய்ப் பார்த்தால் அங்கே பாதை இருக்காது, ஒரு சின்ன ஓடை இருக்கும்.

மிகையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால், நீங்கள் படம் எடுக்கப் போகிற அந்தச் செம்மண் பள்ளத்தாக்குகளையே பாருங்கள். கேன்யன் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். மேட்டில் இருந்த காட்டை வெட்டி, மேய்ச்சலும் சேர்ந்து, தரை மொட்டையானதும் மழைத் தண்ணீர் அறுத்தெடுத்த பள்ளங்கள் அவை. எல்லாமே ஒரு காலத்தில் ஆழமில்லாத ஒரு கோட்டில் தொடங்கியவைதான். 1968 பிப்ரவரி 28-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டில் நிழலுக்கு மரம் தேட வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் நிழலில் ஓட்டுகிற காடு முழுக்க மனிதர் நட்டது. அதில் சுற்று வட்டாரக் கிராமங்களின் உழைப்பும் இருக்கிறது.

மரம் நடுவதற்கு முன்னால் அந்தக் காட்டை வளர்த்தவர்கள் செய்த வேலை ஒன்று உண்டு. உங்களைத் திருப்பி அனுப்பிய பெரியவர் உண்மையில் காவல் காத்தது அதைத்தான் என்பது என் எண்ணம். மண்கரை போட்டார்கள். முழங்கால் உயரம், சில இடத்தில் இடுப்பு உயரம், சரிவுக்குக் குறுக்கே வளைந்து வளைந்து போகும். விழுந்த மழை அங்கேயே நிற்க வேண்டும், நின்று இறங்க வேண்டும், அதற்காக. கரைக்கு மேல்பக்கம் தண்ணீர் தேங்கி, கொண்டு வந்த வண்டல் படிந்து, அதில்தான் கன்றுகள் பிழைத்தன. இந்தக் கரைகள் மவுண்டன் பைக்காரர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஏறிக் குதிப்பதற்கென்றே போட்ட மேடு மாதிரி தெரியும். ஈரமாக இருக்கும்போது ஒரே இடத்தில் நாலு பேர் ஏறி இறங்கினால் கரையின் தலையில் ஒரு சக்கர அகலத்துக்குப் பள்ளம் விழும். அடுத்த பெருமழையில் தேங்கி நிற்கிற தண்ணீர் முழுக்க அந்த ஒரு வாய் வழியாகத்தான் வெளியேறும். கரை உடைந்தால் அதற்குக் கீழே இருக்கும் கரைக்கு இரண்டு மடங்குத் தண்ணீர் போகும், அதுவும் உடையும். ஒரு கரையை மண்வெட்டியால் மறுபடி போட்டுக் கெட்டிப்படுத்த இரண்டு ஆள் ஒரு நாள் வேலை. ஆகவே காய்ந்த நாளோ ஈர நாளோ, மண்கரை மேல் சைக்கிள் ஏறக் கூடாது. கடக்க வேண்டுமென்றால் வண்டியைத் தூக்கிக்கொண்டு கடக்கலாம். இந்த ஒன்றில் மட்டும் நான் எந்த விட்டுக்கொடுப்பும் சொல்ல மாட்டேன்.

வீடியோக்களைப் பற்றிக் கேட்டீர்கள். வேல்ஸ் நாட்டில் கோயிட் ஈ ப்ரெனின் என்று ஒரு காடு இருக்கிறது. பிரிட்டனில் மவுண்டன் பைக்குக்கென்றே பாதை போட்ட முதல் மையம், 1990-களில் வந்தது. அங்கே ஆண்டு முழுக்க மழைதான், ஆண்டு முழுக்க ஓட்டவும் செய்கிறார்கள். ஏனென்றால் பாதையின் தரையே கல்லும் உடைத்த சரளையும். மேலே தெறிக்கிற சேறு வெறும் மேல்பூச்சு. கனடாவின் வான்கூவர் பக்கத்து நார்த் ஷோர் காடுகளில் ஈரத் தரைக்கு மேல் மரப்பாலம் கட்டியே ஓட்டினார்கள். அப்படி எதுவும் போடாத இடங்களில் அவர்களும் நிறுத்தத்தான் செய்கிறார்கள். வெர்மான்ட்டில் பனி உருகும் காலத்துக்குச் சேற்றுப் பருவம் என்றே பெயர். அப்போது மலைப்பாதைகளில் நடப்பவர்களைக்கூட வர வேண்டாம் என்கிறார்கள். 1988-இல் தொடங்கிய பன்னாட்டு மவுண்டன் பைக் சங்கமான இம்பா வகுத்த பாதை விதிகளில் தடம் விடாமல் போவதும் ஒன்று. வீடியோவில் பாதையின் அடித்தளம் தெரியாது, தெறிக்கிற சேறு மட்டும்தான் தெரியும்.

சரி, மண் தயாரா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? நாட்களை எண்ணுவது ஒரு தோராயம்தான். மரத்தடியில் ஒரு நாள் கூடுதலாகும், காற்றும் வெயிலும் படுகிற மேட்டில் ஒரே நாளில் காயும். நான் செய்வது இது. பாதை தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, மேலாகக் கிடக்கும் மணலை ஒதுக்கி, அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துக் கொழுக்கட்டை பிடிப்பதுபோல் அழுத்துங்கள். விரல் ரேகை பதிந்து உருண்டை அப்படியே நின்றால், அதைக் கட்டைவிரலால் நசுக்கும்போது உதிராமல் பட்டையாக நீண்டால், அந்த மண்ணில் களி இருக்கிறது, ஈரமும் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்புங்கள், அல்லது தார்ச்சாலை வழியாக வேறு பக்கம் போங்கள். உருண்டை பிடித்து, தொட்டதும் இரண்டு மூன்றாக உடைந்தால் அதுதான் நல்ல நேரம். பிடிக்கவே வராமல் உதிர்ந்தால் மண் காய்ந்துவிட்டது, தாராளமாகப் போகலாம், வளைவுகளில் மட்டும் சரளை வழுக்கும்.

மேல்மணலை ஒதுக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நம் செம்மண்ணில் மழை மெல்லிய துகளை அடித்துக்கொண்டு போய்விடும். மேலே மணலும் பொடிக்கல்லும் மிஞ்சும். அது மறுநாள் காலையே காய்ந்து வெளிறித் தெரியும். பார்க்கிறவர் ஏமாந்துவிடுவார். ஓர் அங்குலம் கீழே களி கலந்த மண் இன்னும் நனைந்தே இருக்கும். சக்கரம் அந்த மேல்தோலைக் கிழித்துக்கொண்டு அடியில் வழுக்கும்.

ஓட்ட ஆரம்பித்த பிறகு டயர் தடத்தைத் திரும்பிப் பாருங்கள். டயரின் பல் வடிவம் மட்டும் மண்ணில் பதிந்திருந்தால் சரி. தடத்தின் இரு பக்கமும் மண் பிதுங்கி விளிம்பு கட்டியிருந்தால் அங்கேயே நிறுத்தித் திரும்பிவிட வேண்டும். திரும்பும்போதும் ஏறி ஓட்டாமல், பாதை ஓரத்தில் தள்ளிக்கொண்டு வருவது நல்லது. டயரில் மண் அப்பிக்கொண்டு ஃபோர்க்கில் உரசுகிற சத்தம் கேட்டால் கைச்சோதனையே வேண்டாம், மண்ணே பதில் சொல்லிவிட்டது.

வில்லியனூர், பாகூர் பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது ஆற்று வண்டல், நெல் விளைகிற பூமி. களி அதிகம். அங்கே மழை விட்டு ஒரு வாரம் ஆனாலும் வயல் வரப்பும் வண்டிப் பாதையும் காயாது. கார்த்திகையில் அந்த வரப்புகள் மேல் சைக்கிள் ஓட்டுவது நேராக ஒருவருடைய பயிரில் கை வைப்பது. வரப்பு உடைந்தால் வயலில் கட்டி வைத்த தண்ணீர் போய்விடும். அங்கே தார்ச்சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், இதை ஓட்டுகிறவர்கள் யோசிப்பதே குறைவு. ஈரத்தில் நாம் விட்டுப்போன தடம் தை மாத வெயிலில் அப்படியே இறுகிவிடும். நமக்குப் பெரிய டயரும் சஸ்பென்ஷனும் இருக்கிறது, கடந்து போய்விடுவோம். அதே பாதையில் விடிகாலையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு பழைய சைக்கிளில் வருபவர் இருக்கிறார். அவருடைய முன் சக்கரம் மெலிசானது, அந்தக் கோட்டுக்குள் இறங்கினால் வெளியே வராது. தலையில் விறகுச் சுமையோடு வருகிற அம்மாவுக்குக் கீழே குனிந்து பார்த்து அடி வைக்க முடியாது. அவர்களுக்கு அது பொழுதுபோக்குப் பாதை இல்லை, ஊருக்குப் போகிற வழி. அதனால் எதிரில் யார் நடந்து வந்தாலும் நாம்தான் நிற்க வேண்டும். மணியை தூரத்திலேயே அடியுங்கள், பக்கத்தில் போய் அடித்தால் திடுக்கிடுவார்கள். ஆடு மாடு வந்தால் ஓரமாக இறங்கி நின்றுவிடுங்கள். மேய்ப்பவர் ஓட்டிக்கொண்டு போகட்டும். கன்றோடு இருக்கும் மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவில் புகுந்து போகவே கூடாது.

"டிராக்டரும் புல்லட்டும் போகிற பாதைதானே, எங்களை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்" என்று அடுத்த கேள்வி வரும். டிராக்டர் போவது வண்டிப் பாதையில். அகலமான பாதை, பள்ளம் விழுந்தால் ஊரில் யாராவது மண் அடித்து நிரவுவார்கள். ஒற்றையடிப் பாதைக்கு அப்படி யாரும் வர மாட்டார்கள். மோட்டார் சைக்கிளில் வந்து காட்டுப் பாதையைக் கிழிப்பவர்கள் செய்வது நிச்சயமாகப் பெரிய சேதம், அதை நிறுத்தச் சொல்லத்தான் வேண்டும். நம் தடம் சுத்தமாக இருந்தால்தான் அதைச் சொல்ல நமக்கு வாய் இருக்கும்.

ஓட்டும் விதத்துக்கு வருகிறேன். சேதத்தில் பெரும்பங்கு பின் பிரேக்கில்தான் இருக்கிறது. இறக்கத்தில் பின் சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கிக்கொண்டு போவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒரே சறுக்கல் ஒரு மீட்டர் நீளத்துக்கு மண்ணின் மேல்தோலை உரித்துவிடும். வளைவுக்கு முன்பே, நேர்ப்பாதையில் இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். உடம்பை வண்டிக்கு நடுவில் தாழ்த்தி வையுங்கள், கண் பத்தடி முன்னால் இருக்கட்டும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் சுழன்று மண்ணைத் தோண்டும். சீட்டின் நுனிக்கு நகர்ந்து, உட்கார்ந்தபடியே, இலகுவான கியரில் சீராக மிதிக்க வேண்டும். அப்படியும் சுழன்றால் இறங்கித் தள்ளுங்கள், அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. முந்திரித் தோப்பு ஓரம் போகும்போது இதை இன்னும் கவனிக்க வேண்டும். முந்திரி வேர் மேலாகவே ஓடும், சுழல்கிற டயர் அதன் பட்டையை உரித்துவிடும்.

பாதையில் தண்ணீர் தேங்கியிருந்தால் சுற்றிப் போகத் தோன்றும். ஒருவர் சுற்றிப் போனால் அடுத்தவர் இன்னும் கொஞ்சம் தள்ளிச் சுற்றுவார். ஓரத்துப் புல்லும் செடியும் செத்து, ஒற்றையடிப் பாதை ஒரே பருவத்தில் மாட்டு வண்டி அகலத்துக்கு ஆகிவிடும். சின்ன குட்டை என்றால் நடுவிலேயே மெதுவாகப் போங்கள், அங்கே தரை ஏற்கெனவே இறுகியது. ஆழம் தெரியாவிட்டால் குச்சி விட்டுப் பாருங்கள், இல்லையென்றால் இறங்கி நடந்து கடங்கள். வழியெல்லாம் குட்டையாக இருக்கிறது என்றால் அது ஓட்டுவதற்கான நாளே இல்லை.

டயர் காற்றைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். தார்ச்சாலைக்கு அடிக்கிற 40, 45 பிஎஸ்ஐ-யோடு ஈர மண்ணில் போனால் டயர் வெட்டி இறங்கும், வழுக்கவும் செய்யும். டியூப் உள்ள 2.1, 2.2 அங்குல டயருக்கு, சராசரி உடல் எடை உள்ளவர் 28-லிருந்து 32 வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே போனால் கல்லில் இடித்து டியூப் இரண்டு இடத்தில் ஓட்டையாகும். டியூப்லெஸ் என்றால் இன்னும் நாலைந்து குறைக்கலாம். நம் ஊரில் டியூப்லெஸ்ஸுக்கு மாறச் சொல்வதற்கு முக்கியக் காரணம் சேறு இல்லை, சீமைக் கருவேல முள். உள்ளே ஊற்றுகிற சீலன்ட் அந்த முள் ஓட்டையைத் தானே அடைத்துவிடும். முள் தைத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோட்டக்குப்பம் வரை நடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பனந்தோப்பு வழியாகப் போனால் கீழே கிடக்கிற மட்டையின் கருக்கு டயரின் பக்கச் சுவரையே அறுக்கும், அதற்கு சீலன்ட் உதவாது.

மழைக்காலத்தில் எங்கேதான் போவது? மழை பெய்துகொண்டிருக்கும்போதும் மறுநாளும் தார்ச்சாலை, கெட்டிப்பட்ட அகலமான சரளைச் சாலை. திருவக்கரை கல்மரப் பூங்கா வரை கிராமத்துச் சாலைகள் வழியாகவே போய் வரலாம், நல்ல தூரம். அங்கிருந்து ஒரு துண்டு கல்மரம்கூட எடுத்து வராதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட இடம். ஆரோவில்லில் சைக்கிளுக்கென்று விட்டிருக்கும் பாதைகள் உண்டு, அவற்றில் போகலாம். காட்டுக்குள் பிரிகிற பாதைகளுக்கு அந்தந்தக் காட்டைப் பார்த்துக்கொள்பவரைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஊசுட்டேரிக் கரையும் கழுவேலியும் வேண்டாம். இரண்டுமே பறவைகள் சரணாலயம், மழைக்காலம்தான் வலசைப் பறவைகள் வந்து இறங்கும் காலம்.

மணல் மட்டும் மற்ற மண்ணுக்கு நேர்மாறு. ஈரமானால் இறுகும். கடலூரில் சில்வர் பீச், புதுச்சேரிக்குத் தெற்கே வீராம்பட்டினம், நரம்பை பக்கம், அலை வந்து திரும்புகிற ஈர மணலில் தாராளமாக ஓட்டலாம், அடுத்த அலை தடத்தை அழித்துவிடும். வலை உலர்த்தியிருந்தால் அதன் மேல் ஏற்றாதீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இரவில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும், அதனால் இருட்டிய பிறகு கடற்கரையில் வண்டி வேண்டாம், மேல்மணல் பக்கம் பகலிலும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் வண்டியை அலசியே ஆக வேண்டும். உப்பு ஒரே வாரத்தில் செயினைத் தின்றுவிடும்.

கடலூர் நண்பர்கள் கேட்டால் கேப்பர் மலைக்கும் இதே பதில்தான். அதே செம்மண், அதே அரிப்பு. கூடுதலாக அங்கே முந்திரித் தோப்புகள், அவை தனியார் நிலம். பங்குனி, சித்திரையில் மரத்தடியைப் பெருக்கிச் சுத்தமாக வைத்து, விழுகிற பழத்தைப் பொறுக்கிக் கொட்டை எடுப்பார்கள். அந்த மாதங்களில் காய்ந்திருந்தாலும் தோப்புக்குள் போகாதீர்கள்.

ஆபத்து பற்றிக் கொஞ்சம். ஓடுகிற தண்ணீரில் சைக்கிளை இறக்கவே கூடாது. நம் தலைக்கு மேல் வானம் தெளிந்திருந்தாலும் தென்பெண்ணையில் மேலிருந்து தண்ணீர் வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் கடலூர் வரை ஊர்களுக்குள் புகுந்ததைப் பார்த்தோம். சங்கராபரணி, கெடிலம் தரைப்பாலங்களும் அப்படித்தான். கிராமத்துப் பக்கம் சுற்றுச்சுவர் இல்லாத தரைக் கிணறுகள் உண்டு, வயலும் பாதையும் ஒரே தண்ணீராகத் தெரியும்போது கிணறு எங்கே என்று தெரியாது. பள்ளத்தாக்கு விளிம்பில் ஈர நாட்களில் நிற்கவும் வேண்டாம், அடியில் அரித்து மேலே வெறும் கூரை மாதிரி நிற்கிற இடங்கள் இருக்கின்றன. மழை விட்ட அந்தியில் வளையில் தண்ணீர் புகுந்த பாம்புகள் பாதைக்கு வரும், கண்ணாடி விரியன் இலைச்சருகில் கண்ணுக்கே தெரியாது. காலை வெளிச்சத்தில் ஓட்டுவதே நல்லது.

வண்டியைக் கழுவும்போது வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்து வேகத் தண்ணீரை ஹப்பிலும் பெடல் அச்சிலும் அடிக்க விடாதீர்கள், கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போய்விடும். வாளித் தண்ணீரும் பழைய பிரஷ்ஷும் போதும். நம் செம்மண்ணில் நுண்மணல் அதிகம், பிரேக் பேடை உப்புத்தாள் போட்டது மாதிரி தேய்க்கும், மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். டயர் இடுக்கில் ஒட்டிய மண்ணை ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் முன் நீக்கிவிடுங்கள், பார்த்தீனியம் விதை அந்த மண்ணில்தான் பயணம் செய்யும்.

கடைசியாக, நீங்கள் ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள், அது நல்ல பலம். அந்தப் பெரியவரிடம் மறுபடி போங்கள், இந்த முறை சைக்கிள் இல்லாமல். "ஐயா, எந்தப் பாதையில போலாம், எதுல போவக் கூடாது, மழையில உடைஞ்ச கரை ஏதாவது இருக்கா" என்று கேளுங்கள். மழைக்காலம் முடிகிற சமயம் பாதை வேலைக்கு ஏற்றது. மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும், மண்வெட்டி இறங்கும். பாதையில் தண்ணீர் ஓடுகிற இடத்தில், சரிவின் தாழ்ந்த பக்கமாக, ஓரடி அகலத்துக்குச் சாய்வாக ஒரு வெட்டு வெட்டிவிட்டால் தண்ணீர் பாதையை விட்டு இறங்கிப் புல்லுக்குள் பரவிவிடும். இறக்கம் அதிகமுள்ள இடத்தில் இப்படிப் பத்துப் பதினைந்தடிக்கு ஒன்று வேண்டும். புதுப் பாதை எடுக்க அனுமதி கிடைத்தால், மேட்டின் பக்கச் சரிவு எவ்வளவோ, பாதையின் சரிவு அதில் பாதிக்கு மேல் போகாதபடி குறுக்காக எடுங்கள். நேராக மேலிருந்து கீழே இறங்குகிற பாதையை எந்த வெட்டும் காப்பாற்றாது. சுற்றிப் போய்ப் போய் உண்டான பக்கத் தடங்களை முள் கிளை வெட்டிப் போட்டு அடைத்துவிடுங்கள், நம் விவசாயிகள் வேலி அடைக்கிற மாதிரியே. உடைந்த கரையைக் கட்டிய பிறகு அதன் மேல் வெட்டிவேர் நாற்று வைத்தால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கடலூர்க் கடலோரக் கிராமங்களில் வெட்டிவேர் பயிரிடுகிறார்கள், நாற்றுக்கு அங்கே கேட்கலாம். எல்லாவற்றையும் நிலத்துக்காரரின் சம்மதத்தோடு செய்யுங்கள். வேலைக்குப் போகிற நாளில் மண்வெட்டி, கடப்பாரை, கையுறை, குடிக்கத் தண்ணீர் போதும். காலை ஆறரைக்கே தொடங்கினால் பத்து மணி வெயிலுக்குள் முடித்துவிடலாம்.